குத்தாதே, வெட்டு! பிளாஸ்டிக்கில் சுத்தமாகத் துளை போடுவது எப்படி?

போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். கொட்டகை வாசல் முழுக்கச் சேறு. மழை பெய்த அடையாளம் எங்கும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், 200 லிட்டர் நீல டிரம் காலியாக நிற்கிறது. இரண்டு நாள் கலக்கிக் கலக்கி வைத்திருந்த ஜீவாமிர்தம் மொத்தமும் தரையில். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ நாட்டுச் சர்க்கரை, 2 கிலோ உளுந்து மாவு எல்லாம் கொட்டகை மண்ணுக்குப் போயிருச்சு. பந்தலில் பாகல் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம் அது. அன்றைக்குப் பாய்ச்ச வேண்டியதைப் பாய்ச்ச முடியவில்லை. மறுபடி கலக்கிப் பக்குவம் வர மூன்று நாள் ஆனது.

டிரம்மைச் சுற்றிப் பார்த்தேன். அடியில் குழாய் மாட்டிய ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மேல்நோக்கி விரிசல். அந்த ஓட்டையைப் போட்டது நான்தான். ஒரு பெரிய ஆணியைக் காயவைத்துக் குத்தி, பிறகு கத்தியால் சுற்றிலும் கிண்டிப் பெரிதாக்கினேன். வட்டம் என்று நினைத்துத்தான் போட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நாலைந்து மூலை இருந்தது.

புதுக்கோட்டையில் எங்களுக்குக் குழாய் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, டிரம்மு ஒண்ணும் கெட்டுப் போகல. ஓட்டைதான் கெட்டுப் போச்சு. நீங்க குத்திருக்கிய, வெட்டல.”

குத்துவதற்கும் வெட்டுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு டிரம் செலவானது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இயற்கை விவசாயிக்குப் பிளாஸ்டிக் எதற்கு?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மூடாக்குக்கு நான் பிளாஸ்டிக் விரிப்பு போடுவதில்லை. பனை ஓலையும் சோளத்தட்டையும் பயறுக் கொடியும் இருக்கும்போது அது எதற்கு? ஆனால் ஜீவாமிர்த டிரம், பஞ்சகவ்யா வாளி, சொட்டுநீர்க் குழாய், நாற்றுப் பை, ஈப்பொறி, மண்புழுக் குளியல் நீர் எடுக்கும் கேன் என்று பிளாஸ்டிக் நம் தோட்டத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. வந்ததைப் பல வருடம் உழைக்க வைப்பதும், உடைந்து துண்டுதுண்டாக மண்ணில் சேராமல் பார்ப்பதும் நம் பொறுப்பு. ஒரு டிரம் ஓட்டையில் உடைந்தால் இன்னொரு டிரம் வாங்குகிறோம். அப்போது பிளாஸ்டிக் இரண்டாகிவிடுகிறதே!

ஓட்டையில்தான் ஏன் கிழிகிறது?

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நூறு நோட்டுக் கட்டு என்றால் கம்பிப் பின் அடித்துத்தான் இருக்கும். அதைப் பிரிக்கிறபோது நோட்டு கிழியும். எங்கே கிழியும்? பின் குத்திய ஓட்டையில். புது நோட்டுகூட நாலு கை மாறுவதற்குள் ஓட்டையிலிருந்து வாய் பிளக்கும். கடைசியில் 2001-ல், நோட்டுக் கட்டுகளில் பின் அடிக்கக் கூடாது, தாள் பட்டைதான் சுற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது.

டிரம்மிலும் நடந்தது அதுதான். வாய்க்காலில் தண்ணீர் சீராகப் போகிறது என்று வையுங்கள். நடுவில் ஒரு கல்லைப் போட்டால், கல்லின் இரண்டு பக்கமும் தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு வேகமாகப் போகும். ஒரு பொருளை இழுக்கும்போது அதற்குள் ஓடும் விசையும் அப்படித்தான். துளை இருக்கும் இடத்தில் நேராகப் போக முடியாமல் சுற்றிப் போகிறது. துளையின் விளிம்பில் நெரிசல் உண்டாகிறது.

இந்த நெரிசல் எவ்வளவு என்பதை 1898-லேயே கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் கணக்குப் போட்டுவிட்டார். அகலமான தகட்டில் சுத்தமான வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் மற்ற இடத்தைப் போல 3 மடங்கு விசை. 1913-ல் இங்லிஸ் என்ற ஆங்கிலேயர் இன்னொன்றையும் காட்டினார். துளை வட்டமாக இல்லாமல் நீண்டு ஒடுங்கிய கீறலாக, நீளம் அகலத்தைப் போலப் பத்து மடங்கு இருந்து, அதற்குக் குறுக்கே இழுத்தால், அந்தக் கீறலின் முனையில் 21 மடங்கு விசை! ஓட்டையின் அளவைவிட அதன் விளிம்பில் இருக்கும் கூர்மையான மூலைதான் ஆபத்து என்பது இதற்கு அர்த்தம். 1954-ல் கொமெட் என்ற பயணிகள் விமானம் இரண்டு அடுத்தடுத்து மத்தியதரைக் கடல் மேலே சிதறி விழுந்தன. விசாரித்தபோது, விமானத்தின் உடலில் வெட்டியிருந்த திறப்பின் மூலையருகே உலோகம் களைத்து விரிசல் விட்டது தெரிய வந்தது. விமானத்துக்கே அந்தக் கதி என்றால் நம் டிரம் எம்மாத்திரம்?

டிரம்மில் தண்ணீர் நிரம்பினால் அது சுவரை வெளியே தள்ளும். வயிறு உப்பினால் அரைஞாண் கயிறு இறுகுவது போல, டிரம்மின் சுற்றுச் சுவர் பக்கவாட்டில் இழுபடும். அந்த இழுப்பு அடியில்தான் அதிகம். நாமும் அங்கேதான் குழாய் மாட்டுகிறோம். போதாக்குறைக்கு அந்தக் குழாயில் ஓஸ் மாட்டி இழுக்கிறோம். பக்கவாட்டில் இழுபடுவதால்தான் விரிசல் மேலும் கீழுமாக ஓடுகிறது.

ஆக, துளையில் நாம் பார்க்க வேண்டியது மூன்று. வட்டமாக இருக்கிறதா, விளிம்பில் கீறல் இல்லையா, துளையிலிருந்து வர வேண்டிய துண்டு தனியாகக் கழன்று வந்ததா? ஆணியால் குத்தும்போது துண்டு கழலாது. பிளாஸ்டிக்கைப் பிதுக்கி விலக்கித்தான் ஆணி உள்ளே போகும். பிதுங்கிய இடமெல்லாம் கீறல்தான்.

முதலில் பிளாஸ்டிக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். அதைப் பாருங்கள்.

எண் 1 – பெட். தண்ணீர் பாட்டில். மெல்லியது, வழுக்கும், அழுத்தினால் உள்ளே அமுங்கும். 250 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும்.

எண் 2 – எச்.டி.பி.இ. நீல டிரம், வெள்ளைக் கேன். 130 டிகிரி வாக்கில் உருகும். வெட்டுவதற்கு நல்ல பொருள்.

எண் 3 – பி.வி.சி. குழாய். அறுக்கலாம், டிரில் போடலாம். ஆனால் சூடான கம்பி வைக்கவே கூடாது. பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும்.

எண் 4 – எல்.டி.பி.இ. பால் கவர், நாற்றுப் பை. சொட்டுநீர்க் கறுப்புக் குழாயும் இதே குடும்பம்தான். 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும்.

எண் 5 – பி.பி. பெரும்பாலான வாளி, டப்பா மூடி. 160 டிகிரி வாக்கில் உருகும்.

எண் 6 – பாலிஸ்டைரின். கண்ணாடி மாதிரி மொடமொடவென்று இருக்கும் டப்பா. டிரில் பட்டால் தெறிக்கும். இதைத் தோட்ட வேலைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

எண் எதுவானாலும் வெயிலில் பல வருடம் கிடந்த பிளாஸ்டிக் வேறு பொருளாகிவிடும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வந்தாலோ, ஓரத்தை அழுத்தினால் ‘டக்’கென்று சத்தம் கேட்டாலோ அதில் துளை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, உப்பளமே அதை நம்பித்தான் நடக்கிறது. கறுப்பு நிறப் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கும் என்பதால் கறுப்பு அதிக நாள் உழைக்கும். மற்றதெல்லாம் நிழலில் இருக்கட்டும்.

மெல்லிய பை: ஊதுபத்தியும் ஆபீஸ் பஞ்சும்

பால் கவரிலும் எண்ணெய் கவரிலும் நாற்று வைக்கிறோம். தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். குத்தூசியால் குத்தினால் ஊசி வெளியே வந்ததும் ஓட்டை சுருங்கி அடைத்துக்கொள்ளும். பிளேடால் கீறினால், மண் நிரப்பித் தூக்கும்போது கீறல் நீளும்.

கவரைக் காற்றில் ஆடாமல் விரித்துப் பிடித்து, எரியும் ஊதுபத்தியின் கங்கை லேசாகத் தொடுங்கள். தொட்ட மாத்திரத்தில் 3 மி.மீ. அளவுக்கு வட்டமாக ஓட்டை விழும். உருகிய பிளாஸ்டிக் ஓரத்தில் சுருண்டு, சின்ன மோதிரம் போலக் கெட்டியாக நிற்கும். கிழிய ஆரம்பிக்கும் இடத்தையே அது பலப்படுத்திவிடுகிறது. ஒரு பத்தியில் ஐம்பது அறுபது துளை போடலாம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். அந்தப் புகை மூக்குக்கு வேண்டாம்.

நிறையப் பை இருந்தால் இன்னொரு வழி. நாங்கள் பைலுக்குத் துளை போடும் பஞ்சிங் மெஷின் வீட்டில் கிடக்கும். அது பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 838 என்ற அளவில் வருவது. துளை 6 மி.மீ., இரண்டு துளைக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி. மெல்லிய கவரைத் தனியாக உள்ளே விட்டால் வெட்டுப்படாமல் மடங்கிச் சிக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. நாலைந்து கவரைச் சேர்த்து, மேலே ஒரு பழைய தாள், கீழே ஒரு பழைய தாள் வைத்து அமுக்குங்கள். தாள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் தாளோடு சேர்ந்து சுத்தமாக வெட்டுப்படும். மெல்லிய பொருளை இரண்டு கெட்டிப் பொருளுக்கு நடுவே வைத்து வெட்டு என்ற இந்த உத்தி, பின்னால் எல்லா இடத்திலும் உதவும்.

தண்ணீர் பாட்டில்: கருவாட்டுப் பொறி

பாகல், பீர்க்கு, புடல் போடுகிறவர்களுக்குப் பழ ஈயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தாய் ஈ பிஞ்சின் தோலுக்கடியில் முட்டை வைத்துவிடும். காய் வளைந்து, பழுத்து, உள்ளே புழு நெளியும். சந்தைக்குக் கொண்டு போன மூட்டையில் நாலு காய் அப்படி இருந்தால் மொத்த மூட்டைக்கும் விலை குறையும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குப் பல வருடமாகப் பரிந்துரைப்பது கருவாட்டுப் பொறி. 20-க்கு 15 செ.மீ. பாலித்தீன் பை, அதில் 3 மி.மீ. அளவில் 6 துளை, உள்ளே ஈரமாக்கிய 5 கிராம் கருவாட்டுத்தூள், எக்டேருக்கு 50 பொறி. பழ ஈக்குக் கருவாடு ஏன் என்றால், முட்டை முதிர்வதற்குத் தாய் ஈக்குப் புரதம் தேவை. கடையில் விற்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈயைத்தான் பிடிக்கும். கருவாட்டு வாசனைக்குத் தாய் ஈயும் வரும். தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற நமக்குக் கருவாட்டுக்கா பஞ்சம்? சாளைக் கருவாட்டின் தலையும் உடைசலும் போதும்.

அந்தப் பரிந்துரையில் ஈயைக் கொல்ல டைக்குளோர்வாஸ் நனைத்த பஞ்சு வைக்கச் சொன்னார்கள். நமக்கு அது என்றைக்குமே ஆகாது. 2020 டிசம்பர் 31-லிருந்து அந்த மருந்தை நாட்டிலேயே தடை செய்தாகிவிட்டது. அதனால் நான் பைக்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறேன். அடியில் கால் பாகம் தண்ணீர், அதில் கருவாட்டுத்தூள், ஒரு துண்டு வெல்லம், நாலு சொட்டு சோப்புக் கரைசல். சோப்பு கலந்த தண்ணீரில் ஈ மிதக்க முடியாது, மூழ்கிவிடும்.

இங்கேதான் துளை முக்கியம். முதலில் கத்தரிக்கோல் முனையால் குத்தித் திருகி ஓட்டை போட்டேன். ஓட்டை ஓரத்தில் நாக்கு மாதிரி துண்டுகள் உள்ளே மடங்கி நின்றன. ஆடிக் காற்றில் பாட்டில் ஆட ஆட, கீறல் வளர்ந்து ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பத்து நாளில் பாதி பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறுமனே தொங்கிற்று.

இப்போது செய்வது இதுதான். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். காலிப் பாட்டில் அமுங்கும், நிரம்பிய பாட்டில் அமுங்காது. மேல் மூன்றில் ஒரு பாகத்தில் நாலு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு புள்ளிக்குக் கீழே நீர்மட்டம் நிற்கும்படி கொஞ்சம் தண்ணீரைக் கொட்டி மறுபடி மூடுங்கள். தண்ணீர் பட்டால் கம்பி ஆறிவிடும், அதற்காகத்தான். 8 மி.மீ. தடிமனுள்ள இரும்புக் கம்பி அல்லது பழைய குடையின் நடுத்தண்டுக் குழாய், ஏதாவது ஒன்றை அடுப்பில் காயவைத்து, துணி சுற்றிப் பிடித்து, வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து அழுத்துங்கள். அப்படிச் சாய்த்துப் போட்டால் மழைத் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. பெட் பாட்டில் உருக நல்ல சூடு வேண்டும். கம்பி ஆறினால் இழுவை வரும், நூல் நூலாகத் தொங்கும். இரண்டு துளைக்கு ஒரு முறை மறுபடி காயவையுங்கள். துளைகளுக்கு இடையே குறைந்தது நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.

வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். விழுந்து கிடக்கும் சொத்தைக் காயையும் பொறுக்கி அழித்துவிட வேண்டும். அந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பொறி மட்டும் போதாது.

சொட்டுநீர்க் குழாய்: சில்லு வந்ததா?

16 மி.மீ. கறுப்புக் குழாயில் டிரிப்பர் செருக ஆணியைப் பயன்படுத்தாதீர்கள். ஆணிக் குத்தலில் துண்டு கழலாததால், செருகிய டிரிப்பரைச் சுற்றிக் குழாய் ஒரே சீராகக் கவ்வாது. தண்ணீர் வரும் வேகத்தில் கீறல் விரியும், டிரிப்பர் தெறிக்கும். சொட்டுநீர் சாமான் விற்கும் கடையில் இதற்கென்றே கைப் பஞ்ச் கிடைக்கும். அதன் முனை குழலாக இருக்கும். உள்ளே போய்வந்தால் சின்னச் சில்லு ஒன்று முனையில் ஒட்டியிருக்க வேண்டும். அது வரவில்லை என்றால் முனை மழுங்கிவிட்டது. சில்லு குழாய்க்குள் விழுந்திருந்தால் டிரிப்பரை அடைக்கும். வேலை முடிந்ததும் குழாயின் கடைசி முனையைத் திறந்து ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள்.

இன்னொன்று, பஞ்சைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள். சாய்ந்தால் துளை முட்டை வடிவமாகும், அல்லது எதிர்ப்பக்கச் சுவரிலும் துளை விழும். காலை வெயில் கொஞ்சம் ஏறிக் குழாய் இளகிய பிறகு போட்டால் கைக்கும் எளிது, துளையும் சுத்தம்.

பஞ்ச் நாமே செய்யலாம்

10, 15 மி.மீ. துளைக்கு விலை கொடுத்துப் பஞ்ச் வாங்க வேண்டியதில்லை. அந்த அளவில் ஒரு சாண் இரும்புக் குழாய்த் துண்டு எடுங்கள். ஒரு முனையின் வெளிப்பக்கத்தை அரத்தால் சுற்றிலும் சரிவாக ராவி, கத்தி விளிம்பாக்குங்கள். சரிவு வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கணும். அப்போதுதான் துளை சரியான அளவில் வரும், பிதுங்கல் எல்லாம் ஓரத்துக்குப் போகும். அடியில் ஒரு புளியங்கட்டை வையுங்கள். கறிக்கடைக் கட்டை மாதிரி, மரத்தைக் குறுக்கே அறுத்த முகம் மேலே இருக்க வேண்டும். பலகையின் நீளவாக்கில் வைத்தால் நார் பிளந்து பஞ்ச் சாயும். வாளி மூடி, டப்பா மூடி எல்லாம் இதில் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. ரெண்டாம் அடி போட்டால் பஞ்ச் இம்மி நகர்ந்து இரட்டை விளிம்பு விழும்.

டிரில் மெஷின்: மரம் அடியில், வேகம் குறைவில்

கடையில் கிடைக்கும் டிரில் பிட் இரும்புக்குச் செய்தது. அதன் கூரான விளிம்பு மெல்லிய பிளாஸ்டிக்கில் பட்டதும், திருகாணி மாதிரி ‘விருட்’டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் வெளியே வருகிற நேரத்தில்தான் பிளாஸ்டிக் கிழியும். அதற்கு ஐந்து மருந்து.

ஒன்று, துளை விழும் இடத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைத்து இறுக்குங்கள். பிட் பிளாஸ்டிக்கைத் தாண்டி மரத்துக்குள் போகட்டும். நான் முன்னே சொன்ன தாள் உத்திதான் இது.

இரண்டு, சுவருக்குத் துளை போடும் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். வேகத்தைக் குறையுங்கள். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. வேகமாகச் சுற்றினால் சூடு அதே இடத்தில் தங்கி, உருகி, பிட்டில் பந்தாகச் சுற்றிக்கொள்ளும். போட்டு எடுத்து, போட்டு எடுத்துச் செய்யுங்கள்.

மூன்று, ஒரு பழைய பிட்டைப் பிளாஸ்டிக்குக்கென்றே ஒதுக்கி, அதன் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாக ஒரு இழுப்பு இழுத்து மழுக்குங்கள். அது கவ்வி இழுக்காது, சுரண்டி எடுக்கும்.

நான்கு, பிட் வழுக்காமல் இருக்கப் புள்ளியின் மேல் ஒட்டுப்பட்டை ஒட்டுங்கள். ஆணியால் குழி அடிக்காதீர்கள், விரிசல் அங்கேயே தொடங்கும்.

ஐந்து, 10 மி.மீ.க்கு மேல் என்றால் படிப்படியாகப் பருத்துப் போகும் ஸ்டெப் டிரில் பிட் நல்லது. கோபுரம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு படியும் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் மாறாமல் பெரிதாக்கும்.

டிரம்முக்குக் குழாய்

டேங்க் நிப்பிளின் மரையைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி, நீளத்தை அளந்து, 3.14 ஆல் வகுங்கள். அதுதான் விட்டம். அரை இஞ்ச் என்று பெயர் சொன்னாலும் மரையின் வெளிவிட்டம் 21 மி.மீ. இருக்கும். முக்கால் இஞ்சுக்கு 26.4 மி.மீ. பெயரை நம்பித் துளை போட்டு ஏமாறாதீர்கள். துளை அதைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருந்தால் போதும்.

இடம்: அடியிலிருந்து நாலு விரல் மேலே, மண்டி தங்குவதற்கு இடம் விட்டு, டிரம்மின் வளைவோ வரியோ இல்லாத சமதளத்தில். வட்ட ரம்பமான ஹோல்-சா இருந்தால் மரக்கட்டையை உள்பக்கம் ஒருவர் அண்டைக் கொடுக்க, மெதுவாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் காம்பஸால் வட்டம் வரைந்து, கோட்டுக்கு உள்ளே ஒட்டி 4 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, நடுவில் இருக்கும் துண்டை ஆக்சா பிளேடால் அறுத்து எடுங்கள். இப்போது விளிம்பு பல்பல்லாக இருக்கும். இந்த நிலையில் குழாயை மாட்டிவிடுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. ஒவ்வொரு பல்லும் ஒரு விரிசலின் விதை. அரைவட்ட அரத்தால் கோடு வரை ராவி, கடைசியில் உப்புத்தாள் போட்டு, விரல் வைத்துச் சுற்றினால் எங்கும் தட்டாத வரை தேயுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் டிரம்மின் ஆயுசு.

ரப்பர் வாஷரை உள்பக்கம் வைத்து, கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஒழுகினால் பசை தேய்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த டிரம் பிளாஸ்டிக்கில் சிலிக்கானும் ஒட்டாது, எபாக்சியும் ஒட்டாது. துளையும் வாஷரும் சரியாக இருந்தால் பசை தேவைப்படாது. ஓஸின் பாரம் குழாயில் தொங்காமல் கீழே ஒரு செங்கல் அண்டைக் கொடுங்கள்.

ஏற்கெனவே விரிசல் விட்ட டிரம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விரிசல் முடியும் நுனியைக் கண்டுபிடித்து, சரியாக அந்த நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கூர்முனை வட்டமாகிவிடுவதால் விரிசல் அதோடு நிற்கும். என் பழைய டிரம் அப்படித்தான் தப்பித்தது. இனி அதில் திரவம் நிற்காது. சுற்றிலும் காற்றுத் துளை போட்டு இலைதழை மக்கவைக்கும் தொட்டியாக வைத்திருக்கிறேன்.

கவனம்

பழைய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து வெள்ளம் வந்தபோது, யார் யாருடைய டிரம்மோ எங்கள் பக்கம் மிதந்து வந்து ஒதுங்கியது. லேபிள் இல்லாத டிரம்மை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நான் தொடவில்லை. பூச்சிமருந்து கேன் எதற்குமே ஆகாது. பெயிண்ட், தின்னர் இருந்த டிரம்மில் சூடான கம்பியோ டிரில்லோ வைத்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கலாம்.

டிரில் போடும்போது கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். கையுறை வேண்டாம், சுற்றும் பிட் துணியைப் பிடித்து இழுக்கும். டிரம்மை ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. துளை போடும் இடத்தில் கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். சுருளும் தூளும் மண்ணில் விழுந்தால் பொறுக்க முடியாது. பஞ்சில் வெட்டினால் ஒரு துளைக்கு ஒரு சில்லு. வேலை முடிந்ததும் நான் எண்ணிப் பார்க்கிறேன். நாற்பத்தெட்டு துளை என்றால் நாற்பத்தெட்டு சில்லு கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடுவேன். “இன்னும் பேங்க்லயே இருக்கிறதா நெனப்பு” என்று வீட்டில் சிரிக்கிறார்கள். கேஷ் கவுண்டரில் ஒரு ரூபாய் குறைந்தால் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். இந்த மண்ணில் ஒரு சில்லு குறைந்தால் அதை என் பேரன் காலத்திலும் யாரும் நேர்செய்ய முடியாது.